ஆமை முட்டை எடுக்க அந்தமான் பயணமா? வேலூரில் சுற்றும் செய்தி தவறு

“பணம் கட்டினால் போதும், அந்தமானில் தங்கி ஆமை முட்டைகளைக் கையால் எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கலாம், அனுமதி தேவையில்லை” என்று காட்பாடி, குடியாத்தம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையல்ல.

நம் கடல்களில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளன. முட்டையை எடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

காரணம் இருக்கிறது. முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் பயிற்சி பெற்றவர்கள் கரு ஒட்டுவதற்கு முன்பே முட்டையை எடுத்து, திருப்பாமல், இருந்த அதே ஆழத்தில் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஆழம் மாறினால் மணலின் சூடு மாறும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதே அந்தச் சூடுதான். செல்போன் வெளிச்சமும் ஆகாது, குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும்.

அந்தமானில் பழங்குடியினர் காப்புப் பகுதிக்குள் நுழைய, 1956 பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி தனி அனுமதியும் வேண்டும். செய்தியில் இதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை!

அந்தமான் நிகோபார் வனத்துறையிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கலாம். யாராவது பணம் கேட்டால் முதலில் அனுமதி நகலைக் கேளுங்கள். ஆமையைப் பார்க்கத்தான் ஆசை என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் தன்னார்வலர்களின் இரவு நடை உண்டு. காட்பாடியிலிருந்து ரயிலிலேயே போகலாம். அந்தச் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பாதீர்கள்.