வரிச்சீட்டில் ஒரு வரி

இல்லினாய் மாநிலத்தின் டூபேஜ் கவுண்டியில் வீடு வைத்திருக்கும் எவரும் ஆண்டுக்கு இரண்டு தவணையாக, ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், சொத்து வரி கட்டுகிறோம். அந்தச் சீட்டில் பள்ளி மாவட்டம், பூங்கா மாவட்டம், நூலகம், வனக் காப்பு மாவட்டம் என்று, தனித்தனியே வரி பெறும் உள்ளூர் அமைப்புகள் பலவற்றின் பெயர்கள் இருக்கும். அவற்றின் நடுவே 502 என்ற எண்ணோடு ஒரு வரி உண்டு. அது டூபேஜ் கல்லூரிக்கு, அதாவது நம் பகுதியின் சமுதாயக் கல்லூரிக்குப் போகும் பணம். பள்ளிக்குப் போவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை என்பதால் யாருடைய கண்ணும் அங்கே நிற்பதில்லை. நேப்பர்வில்லுக்குக் குடிவந்து பல ஆண்டுகள் வரை நானும் அதைப் படித்ததில்லை. மகள் அங்கே சேர்ந்த பிறகுதான் அந்த வரியின் பின்னால் இருக்கும் கதையைத் தேடிப் படித்தேன். இந்தப் பகுதியில் வாழும் நம்மவர்கள் எல்லோரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தக் கல்லூரி எனக்கு ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே படித்துவிட்டுப் பிறகு மாறிப் போகிறார்கள். செவிலியர் படிப்பும் வெல்டிங்கும் அங்கே சொல்லித் தரப்படுகின்றன. கணவரின் வேலை விசாவைச் சார்ந்து இங்கு வந்து, ஊரில் வாங்கிய பட்டத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் இருந்த பெண்கள் பலர் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்த இடமும் அதுதான். கல்லூரி மாவட்டத்துக்குள் வசிப்பவருக்கு ஒரு கட்டணம், வெளியே வசிப்பவருக்கு அதைப் போல் இரு மடங்குக்கும் மேலான கட்டணம். அந்த வேறுபாட்டுக்குக் காரணமே நாம் கட்டும் வரி. ஆகவே அந்த வரியை ஒழிக்க வேண்டும் என்று சொல்பவன் அல்ல நான். அது போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்ப்பவர் யார் என்பதே என் கேள்வி.

சட்டப்படி அதைப் பார்க்க வேண்டியவர்கள், வாக்காளர்கள் ஆறாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட குழுவினர். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆங்கிலத்தில் அவர்களுக்கு வழங்கும் பெயரைத் தமிழில் அறங்காவலர் என்று சொல்கிறோம். கோயில் நிர்வாகத்தில் நமக்குப் பழகிய சொல்தான். உண்டியல் எண்ணும்போது உடனிருப்பது மட்டும் அறங்காவலரின் வேலை அல்ல, அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று என்று கேட்பதும் அவருடைய வேலை என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் கல்லூரி இருக்கும் கிளென் எலினில் 2014, 2015 ஆண்டுகளில் நடந்தவற்றை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கட்டடங்களுக்கென்று வாக்காளர்கள் 2002இல் 18.3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கும், 2010இல் 16.8 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கும் ஒப்புதல் தந்திருந்தார்கள். மக்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். வளாகம் அழகாக எழுந்தது. அதனோடு வாட்டர்லீஃப் என்ற உயர்தர உணவகமும் ஒரு சிறு விடுதியும் வந்தன. சமையற்கலை மாணவர்களுக்கானது என்று சொல்லப்பட்ட அந்த உணவகம் தொடர்ந்து நட்டத்தில் ஓடியது. அங்கே நிர்வாகிகள் உண்டு குடித்த செலவுகள் கல்லூரிக் கணக்கில் சேர்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. 2014 மே மாதத்தில் கல்லூரித் தலைவர் ராபர்ட் புரூடர் அறங்காவலர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் வெளிச்சத்துக்கு வந்தது. மாநில அரசிடம் 2 கோடி டாலர் கேட்பதற்கு ஏற்ற ஒரு திட்டத்தைக் கண்டுபிடிப்பது பற்றி அதில் எழுதியிருந்தார். தேவை முதலில் இருக்க வேண்டும், பணம் பிறகு வர வேண்டும். இங்கே பணம் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது, தேவை பிறகு தேடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் முழுநேரப் பேராசிரியர்கள் அவர்மீது நம்பிக்கையின்மைத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

அடுத்த ஜனவரியில், அவர் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே 2016இல் விலகிக்கொள்வதற்காக ஏறத்தாழ 7,63,000 டாலர் விலகல் தொகை தருவதற்குக் குழு ஒப்புதல் தந்தது. எதிர்த்து வாக்களித்தவர் கேத்தி ஹாமில்டன் ஒருவர் மட்டுமே. அந்தத் தொகையைக் கேட்டு எல்லோரும் கொதித்தார்கள். ஆனால் நான் உற்றுப் பார்ப்பது அந்த ஜனவரி இரவை அல்ல. அந்தத் தொகைக்கு வேர், அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவருடைய ஒப்பந்தம் ஒவ்வொரு முறையாக நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனதில் இருந்தது. அந்த நீட்டிப்புகள் நடந்த நாட்களில் கூட்ட அறையில் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்திருக்கும். ஒப்பந்தம் 2019 வரை ஓடும் என்று முன்பே கையெழுத்திட்ட பிறகு, அவரை அனுப்புவதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

2015 ஏப்ரலில் நடந்த தேர்தலில் ஹாமில்டன் ஆதரித்த மூன்று புதியவர்கள் வென்று, குழுவின் பெரும்பான்மை மாறியது. அக்டோபரில் புரூடர் பணிநீக்கம் செய்யப்பட்டார். விலகல் தொகை மறுக்கப்பட்டது, அவர் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்ட பழைய குழுவின் பதவிக் காலத்தைத் தாண்டி ஓடியதால் செல்லாது என்று கல்லூரி வாதாடியது. 2018இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. முந்தைய குழு கவனமில்லாமல் போட்ட கையெழுத்து அடுத்த குழுவையும் கட்டிப்போடும் என்பதை அந்தத் தீர்ப்பு நமக்கு உணர்த்த வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சீர்திருத்தத்தை வரவேற்ற பலர் பேச விரும்புவதில்லை. 2015 டிசம்பரில் ஹாமில்டன் பதவி விலகியதும் குழு மூன்றுக்கு மூன்று என்று பிளந்தது. கூட்டங்கள் நடக்கவில்லை, நடக்க வேண்டிய முடிவுகள் நின்றன. அதே மாதத்தில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, நிர்வாகக் குறைபாடுகளைக் காட்டி, கல்லூரியைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. அதிலிருந்து மீள 2017 ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளும் அங்கே படித்த பிள்ளைகள், தங்கள் பாட மதிப்பெண்களைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்ற அச்சத்தோடு படித்தார்கள். உணவகத்தில் ஒரு கோப்பைகூட அருந்தாதவர்கள் அவர்கள். போதாததற்கு, 2015 ஜூலை முதல் 736 நாட்கள் மாநிலத்துக்கு முழுமையான வரவுசெலவுத் திட்டமே இல்லாமல் போனதால், மாநிலத்திலிருந்து வர வேண்டிய பணமும் தடைப்பட்டது. மாநிலம் மூன்றில் ஒரு பங்கு, உள்ளூர் வரி ஒரு பங்கு, மாணவர் கட்டணம் ஒரு பங்கு என்று இந்தக் கல்லூரிகளுக்கு ஒரு காலத்தில் வகுத்த கணக்கு பல ஆண்டுகளாகவே பெயரளவில்தான் இருக்கிறது. மாநிலத்தின் பங்கு சுருங்கச் சுருங்க, நம் வரிச்சீட்டின் பாரம் கூடுகிறது.

வரிக்கு உச்சவரம்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு அல்லது விலைவாசி உயர்வு, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வரித் தொகையைக் கூட்ட முடியாது. ஆனால் அந்த வரம்பு எவ்வளவு வாங்கலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, வாங்கியதை எப்படிச் செலவிடலாம் என்பதை அல்ல. 2015இல் மாநிலச் சட்டமன்றம் சமுதாயக் கல்லூரித் தலைவர்களின் ஒப்பந்தத்தை நான்கு ஆண்டுகளுக்கும், விலகல் தொகையை ஓராண்டுச் சம்பளத்துக்கும் மிகாமல் கட்டுப்படுத்தியது. நல்ல சட்டம் அது, தாமதமாக வந்த சட்டமும்கூட.

கலிஃபோர்னியாவில் 2000இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 39ஆம் முன்மொழிவு இன்னொரு வழியைக் காட்டியது. கடன் பத்திரம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்குக்குப் பதிலாக 55 விழுக்காடு போதும் என்று தளர்த்திய அதே சட்டம், கல்லூரியின் ஊழியரோ ஒப்பந்ததாரரோ இடம்பெறாத குடிமக்கள் கண்காணிப்புக் குழுவையும் ஆண்டுத் தணிக்கையையும் கட்டாயமாக்கியது. அப்படியிருந்தும் லாஸ் ஏஞ்சலஸ் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் பல நூறு கோடி டாலர் கட்டுமானத்தில் நடந்த வீணடிப்பை 2011இல் ஒரு நாளிதழின் தொடர்தான் அம்பலப்படுத்தியது. குழு இருந்தது, கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை.

ஒற்றைப்படை ஆண்டின் ஏப்ரலில், அதிபர் தேர்தலின் ஆரவாரம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் நம் அறங்காவலர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அன்று வாக்களிப்பவர் மிகக் குறைவு. நம் தெருவில் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு, நவம்பரில் வாக்களித்ததைப் பெருமையோடு படம் எடுத்துப் போட்டவர்களும் உண்டு. ஏப்ரலில் வாக்களித்ததாகச் சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இரண்டு மூன்று நூறு வாக்குகள் முடிவை மாற்றக்கூடிய தேர்தலை நாம் கைவிட்டுவிட்டு, ஜூன் மாதச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

அடுத்த கூட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். பொதுமக்கள் பேசுவதற்குச் சில நிமிடங்கள் தருவார்கள். விவாதமின்றி ஒரே வாக்கெடுப்பில் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் எந்த ஒப்பந்த நீட்டிப்பையும் சேர்க்காதீர்கள், அதைத் தனியாக எடுத்து, தொகையை உரக்கப் படித்து, ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வாக்களியுங்கள் என்று கேட்கப் போகிறேன். துணைக்கு வர விரும்புபவர்கள் எழுதுங்கள், என் காரில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.