தோற்கும்போது பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் பணம் திரும்பிவிடுமா?

இணையச் சூதாட்டத்தின் ரூலெட் ஆட்டத்தில் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் அல்லது நிறத்தில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம்), சிவப்பின் மீது பணம் கட்டித் தோற்கும் ஒவ்வொரு முறையும் தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால், இழந்தது முழுவதையும் லாபத்தோடு மீட்டுவிடலாம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இது தவறான தகவல்.

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 18 எண்கள் சிவப்பு, 18 கறுப்பு. எஞ்சிய பூஜ்ஜியம் பச்சை. ஆகவே சிவப்பு வரும் வாய்ப்பு 37இல் 18தான், அதாவது பாதிக்கும் குறைவு. வென்றால் கட்டிய தொகைக்குச் சமமான தொகையே லாபமாகக் கிடைப்பதால், கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு ஆட்டத்தை நடத்துபவருக்கே போய்ச் சேர்கிறது. தொகையை இரட்டிப்பாக்குவது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. 100 ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து 10 முறை தோற்றவர் 1,02,300 ரூபாயை இழந்திருப்பார். 11ஆவது சுற்றில் 1,02,400 ரூபாய் கட்டி வென்றாலும் அவருக்கு லாபமாக மிஞ்சுவது 100 ரூபாய் மட்டுமே. பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே கையிருப்பு தீர்ந்துவிடும், அல்லது பந்தய உச்சவரம்பு குறுக்கே நிற்கும்.

தொடர்ந்து கறுப்பு வந்தால் அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும் என்பதும் ஆதாரமற்றது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதோடு தொடர்பில்லாதது. 1913 ஆகஸ்ட் 18 அன்று ஐரோப்பாவின் மொனாக்கோ நாட்டிலுள்ள மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் கறுப்பு தொடர்ச்சியாக 26 முறை வந்தது. சிவப்பை நம்பித் தொகையைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

ஏற்கெனவே இழந்து தவிப்பவர்களைத்தான் இத்தகைய செய்தி அடுத்த கடனுக்குத் தள்ளும் என்பது வேதனைக்குரியது. அவர்கள் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.