மச்சான் கையில் ஒரு டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டேன், எண்ணெய்க் கத்திரிக்காயோடு. ராத்திரி நெஞ்சைக் கரித்தது. அவ்வளவுதான். மச்சான் உடனே போனை எடுத்து ஏஐயிடம் கேட்டுவிட்டார். அல்சர், பித்தப்பைக் கல், மாரடைப்பு என்று அது அடுக்க, அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். நான் என்ன தின்றேன் என்று யாராவது அதனிடம் சொன்னார்களா?

போன மே மாதம் வேர்க்குரு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர்க்காரனுக்கு வேறென்ன வரும்? அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார். தோல் புற்றுநோயாகவும் இருக்கலாமாம்! மூன்று நாள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மா ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர் இது. அதிலிருந்து வளர்ந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக வங்காளத்திலிருந்து நோயாளிகள் ராத்திரி பகலாக ரயிலில் வந்து காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நாங்களோ நடக்கிற தூரத்தில் டாக்டரை வைத்துக்கொண்டு போனிடம் நாக்கை நீட்டுகிறோம். வயிற்றை அமுக்கிப் பார்க்க அதற்குக் கை இருக்கிறதா? எல்லாப் பீதியையும் கிளப்பிவிட்டு, கடைசி வரியில் பவ்யமாக 'மருத்துவரை அணுகவும்'. அதை முதல் வரியிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

இப்போது தும்மல் வேறு வருகிறது. மச்சான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறேன்.