'பிழைகளும் விடுபாடுகளும்' என்னும் அந்த ஒரு வரி

ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் வெளியிடும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில், அதாவது வெளிநாடுகளோடு நாட்டுக்குள்ள கொடுக்கல் வாங்கல் கணக்கில், 'பிழைகளும் விடுபாடுகளும்' என்று ஒரு வரி இருக்கும். இரட்டைப் பதிவில் வரவும் பற்றும் சமமாக வேண்டும் என்பதால், ஒட்டாமல் நிற்கும் வித்தியாசத்தை அங்கே வைத்துக் கணக்கை முடிக்கிறார்கள். அதைக் கைப்பிழை என்று கடந்து போவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. லாப நட்டம் பார்த்து மனிதர்கள் எடுக்கும் முடிவுகளின் தடம் அதில் இருக்கிறது.

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஷூ அப்பர் பெட்டிகள் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்ந்து, ஷிப்பிங் பில்லும் சுங்கத்தில் பதிவாகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. ரூபாய் மேலும் சரியும் என்று எண்ணி, அடுத்த காலாண்டில் அனுப்பினால் போதும் என்று முதலாளியே வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொல்லியிருந்தார். சட்டம் அதற்கு அவகாசம் தருகிறது. ஆனால் வர வேண்டிய பாக்கி வணிகக் கடனாக எங்கும் பதிவாகாவிட்டால், ஏற்றுமதி வரவுக்கு ஈடான பற்று இல்லாமல், அந்தக் காலாண்டில் இந்த வரி எதிர்மறையாகச் சாய்ந்து, பணம் வரும் காலாண்டில் நேர்மறையாகத் திரும்பும். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுவதும் இதே கணக்குப் போட்டால், சிறு தாமதங்கள் சேர்ந்து பெருந்தொகையாகும்.

அரசின் ஏற்றுமதிச் சலுகைக்காக மதிப்பைக் கூட்டி எழுதினாலும், வராத பணத்துக்கு ஈடாக இதே வரிதான் எதிர்மறையாகும்.

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்க்கலாம். சிகிச்சைக்கு வரும் வங்கதேசத்தவரின் செலவைப் பயண வரவாக மதிப்பிட்டுச் சேர்த்துவிட்டு, அவர்கள் பணம் வங்கிக்கு வெளியே, உண்டியல் (ஹவாலா) வழியே வந்ததை வங்கிக் கணக்கு காணாவிட்டால், அங்கேயும் இடைவெளி விழும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒரு பக்கம் பதிவாகி மறுபக்கம் தவறினால்தான் வித்தியாசம் தெரியும். வளைகுடாவில் உழைப்பவரின் சம்பளம் உண்டியலில் ரூபாயாக வீடு சேர, அந்த டாலர் அங்கேயே தங்கமாகிச் சுங்கத்துக்குத் தெரியாமல் இறங்கினால், இரு பக்கமும் ஏட்டுக்கு வெளியே நிற்கும். தங்கத்தின் இறக்குமதி வரி 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது போலக் கடத்தலின் ஆதாயம் குறையும்போது, அதே தங்கமும் அதே சம்பளமும் இறக்குமதியாகவும் அனுப்பு பணமாகவும் ஏட்டில் ஏறலாம். அப்போதும் 'பிழைகளும் விடுபாடுகளும்' என்னும் அந்த வரி அசையாது.