பெரிய கோவிலின் நிழல் தரையில் விழும்

தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழும். காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும், மார்கழி மாத உச்சிவேளையில் வடக்கே சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் விழும். கண்ணால் பார்க்கக்கூடிய இந்த விஷயத்தை ஒரு பதிவாக எழுத நேர்ந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் 'நிழல் தரையில் விழாத கோவில் எது?' என்ற கேள்வி பொது அறிவுக் கையேடுகளிலும் பள்ளி வினாடி வினாக்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது.

நான் நடுவர்களில் ஒருவராகச் சென்ற ஒரு பள்ளிப் போட்டியிலும் இந்தக் கேள்வி வந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், அந்தக் கோவிலின் நிழல் விழும் சார். நாங்கள் போனபோது நிழல் பார்த்துத்தான் உட்கார்ந்தோம்" என்றாள். விடைத்தாளில் கோவிலின் பெயர் இருந்தது. அவளுக்கு மதிப்பெண் இல்லை, அடுத்த அணிக்குக் கேள்வி போயிற்று. நான் எவ்வளவோ வாதாடினேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள். கண்ணால் கண்டதைச் சொன்ன பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, காணாததை ஒப்பித்த பிள்ளைக்குக் கைதட்டினோம். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கணக்கு எளிதுதான். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10.8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வரும். விமானம் அடியில் அகன்று மேலே போகப்போகக் குறுகுவதால், அந்த நேரத்தில் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். உச்சிவெயிலில் யாரோ அதைப் பார்த்துச் சொன்னது நாளடைவில் 'எப்போதுமே விழாது' என்று ஆகியிருக்கலாம். டிசம்பர் 21 அன்று போய்ப் பாருங்கள். நண்பகலிலேயே சூரியன் உச்சியிலிருந்து சுமார் 34 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். 216 அடி உயரம் என்று சொல்லப்படும் விமானத்தின் உச்சி நிழல், கோவிலின் நடுவிலிருந்து 140 அடிக்கும் அப்பால் முற்றத்தில் கிடக்கும்.

இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நட்டம் அந்தக் கோவிலைக் கட்டியவர்களுக்கு. கருங்கல் கிடைக்காத காவிரிப் படுகையில், வெளியிலிருந்து கல் கொண்டுவந்து, உள்ளே கூடாக ஒரு விமானத்தை எழுப்பி 1010-இல் கலசம் வைத்தார்கள். தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் அங்கே இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோவிலின் ஆடல்மகளிர், 400 பேரின் பெயர்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஆடல்மகளின் வீட்டு அடையாளம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, நாம் இல்லாத மாயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தச்சனின் உழைப்பு மாயமாகிவிட்டால் தச்சனை யார் கேட்கப் போகிறார்கள்?

பொய்த் துணுக்குகள் பலவற்றில் இப்படி யாரோ ஒருவர் சிறுமைப்பட்டுக்கொண்டிருப்பார். கங்காரு கதையைக் கேட்டிருப்பீர்கள். வெள்ளையர் 'இது என்ன விலங்கு?' என்று கேட்டார்களாம், அந்த ஊர்க்காரர்கள் 'எனக்குத் தெரியாது' என்றார்களாம், அதுவே பெயராகிவிட்டதாம். உண்மையில் 1770-இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதாகி ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் எண்டெவர் ஆற்றருகே நின்றபோது, அங்கு வாழ்ந்த கூகு யிமிதிர் மக்கள் அந்த விலங்குக்குத் தங்கள் மொழியில் இருந்த 'கங்குரு' என்ற பெயரைச் சொன்னார்கள். 1970-களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் அந்த மக்களோடு பழகி இதை உறுதிசெய்தார். தங்கள் காட்டு விலங்குகளைத் தனித்தனியே பெயரிட்டு அறிந்த மக்களை, கேள்வி புரியாதவர்களாகக் காட்டி நாம் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

லெம்மிங் என்ற சிறு எலியினத்தின் கதை இன்னும் கொடியது. அவை கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று சொல்வார்கள். இந்த நம்பிக்கையை உலகமெங்கும் கொண்டுபோனது 1958-இல் டிஸ்னி வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற ஆவணப்படம். ஆஸ்கர் விருதும் பெற்றது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எடுத்த அந்தக் காட்சிக்கு லெம்மிங்குகளை வேறு இடத்திலிருந்து வாங்கிவந்து, மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளிவிட்டுப் படம்பிடித்தார்கள் என்பதை 1982-இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்தது. கூட்டம் பெருகும்போது அவை இடம்பெயரும், நீரைக் கடக்கையில் சில மூழ்கும். நடப்பது அவ்வளவுதான். கொன்றவர்கள் விருது வாங்கினார்கள், செத்த பிராணிகளுக்குத் தற்கொலைப் பட்டம்!

மணலில் தலையைப் புதைக்கும் தீக்கோழி, நிலவிலிருந்து தெரியும் சீனப் பெருஞ்சுவர் இவையும் பொய்தான். தீக்கோழி தரையில் பறித்த குழியில் முட்டையிடும், அவற்றை அலகால் புரட்டக் குனியும். சுவரைப் பொறுத்தவரை, 2003-இல் விண்வெளிக்குப் போன சீனாவின் யாங் லிவெய், பூமிக்கு அருகிலேயே சுற்றியும் அது தன் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார்.

பொது அறிவுத் துணுக்குகளின் மேல் எனக்குத் தீராத காதல் உண்டு. பெட்டிக்கடை வார இதழ்களில் பக்க ஓரத்துத் துணுக்குகளைப் படித்து வளர்ந்தவன் நான். அதனால்தான் கேட்கிறேன். பள்ளிகளில் போட்டி நடத்தும் ஆசிரியர்களே, கேள்வி எழுதுபவர்களே, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'இது எப்படித் தெரியும்?' என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். விடைத்தாளுக்கு மாறாக ஒரு பிள்ளை பேசினால், மணியை அடிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். காரணம் சரியென்றால் முழு மதிப்பெண் கொடுங்கள். நிழல் கேள்வியின் இடத்தில், பெரிய கோவிலின் பெருந்தச்சன் பெயர் என்ன என்று கேளுங்கள்.