கடல் இல்லாத ஊர்க்காரி துறைமுகத்த எழுதக்கூடாதுங்களா?

துறைமுகமும் மந்திரமும் வர்ற என் நாவலப் பத்தி ஞாயித்துக்கெழம இலக்கியக் கூட்டத்துல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுத்திக்கிட்டு இருக்கு, அதனால முழுசா மறுபடி சொல்லல. "நொய்யல் கரையில பொறந்த புள்ளைக்கு துறைமுகமும் மந்திரமும் எதுக்கும்மா, நம்ம மண்ண எழுதும்மா, ஆட்டுப்பட்டிய எழுது, நெசவுப் பாவடிய எழுது"ன்னு அங்க பேசுன அண்ணன் ஒருத்தர் மைக்குல சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த அமர்வுன்னுட்டாங்க. சரி, பதில இங்க சொல்றேன், இங்க யாரும் மைக்கப் புடுங்க மாட்டாங்க.

ஏனுங்ணா, திருப்பூருக்கும் துறைமுகத்துக்கும் சம்பந்தமே இல்லைங்களா? நான் எக்ஸ்போர்ட் கம்பெனில டாக்குமென்டேஷன் பாக்கறவ. ஷிப்பிங் பில், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், இதுதான் என் பொழப்பு. தூத்துக்குடில கேட் மூடறதுக்குள்ள கன்டெய்னர் உள்ள போகலைன்னா இங்க ராத்திரி எத்தன பேரு தூங்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா? டிரைவர் ஒட்டன்சத்திரம் தாண்டிட்டாரா மதுரை தாண்டிட்டாரான்னு போன் போட்டுக்கிட்டே சோறு திங்கற ஊருங்க இது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் வரிய 50 சதவீதம்னு ஏத்துனப்ப கடல் எங்கயோ இருந்துச்சு, ஆனா மிஷின் நின்னது எங்க வீதில. எங்கயோ ஒருத்தன் கையெழுத்துப் போட்டா இங்க ஒருத்தி வீட்டுல அடுப்பு எரியாதுன்னா அதுக்குப் பேரு மந்திரம் இல்லைன்னா வேற என்னங்க?

என் நாவல் இதத்தான் பேசுது. படிச்சவங்களுக்குத் தெரியும். ஒரு துறைமுகப் பட்டணம், சுங்கத்துல முத்திரை குத்தற ஒருத்தி, அவ பொய் முத்திரை குத்துனா அந்தப் பொதியத் தூக்கறவன் கழுத்து ஒடியும். இந்த விசயம் தெரிஞ்ச ரெண்டு வணிகக் குழு அவள வெலைக்கு வாங்கப் பாக்குது, மூணாவது குழு அவ தம்பியத் தூக்கிக்கிட்டுப் போயிருது. அந்த அண்ணன் இத "வெள்ளக்காரன் சரக்கு"ன்னுட்டாரு. பின்னட்டையத் தாண்டலைங்கறது பேச்சுலயே தெரிஞ்சுது, அது போகட்டும்.

வெள்ளக்காரன் சரக்குங்களா? சிலப்பதிகாரத்துல இந்திரவிழவூரெடுத்த காதைய எடுத்துப் பாருங்க. புகார்ங்கற சோழர் துறைமுகப் பட்டணத்துல வெள்ளிடை மன்றம்னு ஒரு எடம். வெளியூர் வியாபாரிங்க பேரு பொறிச்சு, குறி போட்டு, எண்ணிக்கை எழுதுன பொதிங்க அங்க சும்மா கெடக்கும். கதவு கெடையாது, தாழ்ப்பாள் கெடையாது, காவல் கெடையாது. எவனாச்சும் திருடுனா அந்தப் பொதி அவன் தலைமேல ஏறி ஒக்காந்துக்கும், கழுத்து கடுக்கக் கடுக்க அவனச் சுத்த வெக்கும், எறங்காது. முத தடவ இதப் படிச்சப்ப எனக்கு புல்லரிச்சுப் போச்சு, ஏன்னா பேரு, குறி, எண்ணிக்கை, இது நான் தெனமும் பேக்கிங் லிஸ்ட்ல அடிக்கற கட்டம்ங்க, மார்க்ஸ் அண்ட் நம்பர்ஸ்! என் நாவல் மொளைச்சது அங்கதான். பட்டினப்பாலைலயும் சுங்கக்காரங்க மூட்டை மேல புலி முத்திரை போடறாங்க. அந்த முத்திரையையும் இந்த மன்றத்தையும் ஒட்டுக்கா வெச்சு ரோசன பண்ணா கதை தானா வருது. எந்த வெள்ளக்காரனக் கேக்கணும்?

அதே காதைல சதுக்கப் பூதம் இருக்கு, நாலு வீதி கூடற சதுக்கத்துல இருக்கற பூதம். பொய் சாட்சி சொல்றவன், போலிச் சாமியாரு, புறங்கூறுறவன், இவங்கள எல்லாம் பாசக்கயித்துல கட்டி அடிச்சுத் தின்னும், அது போடற சத்தம் நாலு காதத்துக்குக் கேக்கும். நம்ம இலக்கியக் கூட்டத்துக்குப் பக்கத்துல அப்படி ஒரு சதுக்கம் இல்லாதது பல பேரு பண்ணுன புண்ணியம்.

இப்ப ஒருத்தர் வருவாரு, "அப்ப நீ இளங்கோவடிகளாம்மா?"ன்னு. இல்லைங்க சாமி. நான் பேக்கிங் லிஸ்ட் அடிக்கறவ. இளங்கோ அளவுக்கு எழுதுனேன்னு எங்கயாச்சும் சொன்னனா? இந்த மாதிரி எழுதறது நம்மளுதுதான்னு சொல்றேன், அவ்வளவுதான். இன்னொருத்தர் நடை சரியில்லைன்னு எழுதியிருந்தாரு. இருக்கட்டும், அது அவரு ருசி.

மண்ணு மண்ணுங்கறாங்களே, அதுக்கு வாரேன். எந்த மண்ணுங்க? சென்னிமலைக்கு அக்கட்ட கொடுமணல் இருக்குதே, அதே நொய்யல் கரைதான, அந்த மண்ணுங்களா? 1985ல இருந்து அங்க தோண்டறாங்க. கல்லு அறுத்து மணி செஞ்ச பட்டறை, தமிழ் எழுத்து கீறுன பானை ஓடு எல்லாம் வந்துச்சு. சங்க நூல் பதிற்றுப்பத்துல கொடுமணம்னு பேரோட வர்ற ஊரு. காங்கயத்துக்குப் பக்கம் படியூர்ல எடுத்த பச்சைக்கல்லு, பாலக்காட்டுக் கணவா வழியா மேக்கால சேரர் துறைமுகம் முசிறிக்குப் போற பாதை, கெழக்கால புகாருக்குப் போற பாதை. கோயமுத்தூர்ப் பக்கம் வெள்ளலூர்ல ரோமானியக் காசு குடம் குடமாக் கெடைச்சுதே, அது ஆடு மேய்ச்ச கூலிங்களா? ஆட்டுப்பட்டிய எழுதறவங்க எழுதட்டும், நானும் விரும்பிப் படிப்பேன். ஆனா கொங்குன்னா மேட்டாங்காடு மட்டும்தான்னு முடிவு பண்ண நீங்க யாருங்ணா?

எங்க அம்முச்சி, அம்மாவப் பெத்தவங்க, படிக்காதவங்க. நோம்பிக்கு உடுக்கடிக்காரரு வந்தா அண்ணமார் கதைய, பொன்னர் சங்கர் கதைய, ராத்திரி பூரா கேப்பாங்க, என்னையும் மடில போட்டுக்குவாங்க. கொம்பன்ங்கற காட்டுப்பன்னி வர்ற எடத்துல உடுக்கைச் சத்தம் மாறும், நான் சீலைக்குள்ள பூந்துக்குவேன். அண்ணனுங்க சாகற படுகளம் வர்றப்ப ஆளுங்க பொணம் மாதிரி விழுந்து கெடப்பாங்க, அப்பறம் எழுப்புவாங்க. செத்த அண்ணனுங்கள தங்காள் எழுப்பறா, அந்தச் சித்த நேரத்துக்கு அவங்க கண்ணு முழிக்கறாங்க, அங்க அம்முச்சி அழுவாங்க பாருங்க, சொந்தப் பொறந்தவன் செத்த மாதிரி அழுவாங்க. அந்த அம்மாகிட்டப் போயி "இது யதார்த்தம் இல்லைங்கம்மா"ன்னு யாராச்சும் சொல்லியிருக்கோணும், வெளக்குமாறு வந்திருக்கும்.

அப்பறம், சிரிப்பு அடங்குனதுக்கு அப்பறம் அவரு சொன்னது. வீடியோவுல அது சரியாக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. "ரெண்டு புள்ளைய வெச்சுக்கிட்டு இத்தன கொடூரம் எழுதறியே, வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

ஆம்பள எழுதுனா இருள், ஆழம், தரிசனம். நான் எழுதுனா வீட்டுல ஒண்ணும் சொல்லலையா. மணிமேகலைல சுடுகாட்டுக் கோட்டத்துல ஒரு பேய்மகள் தலைய ஏந்திக்கிட்டு, கண்ணத் தோண்டித் தின்னுக்கிட்டு ஆடறா, அதப் பாத்த பையன் பயந்தே செத்துப் போறான். அத எழுதுன சாத்தனார்கிட்ட யாராச்சும் "வீட்டுல ஒண்ணும் சொல்லலையா"ன்னு கேட்டாங்களா? மண்ண எழுதுன்னு சொல்றப்ப எடுத்துக் காட்டறீங்களே நாகம்மாள், ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942ல வந்த நாவல், அது பங்குக் காட்டுக்காகக் கொலைல போயி முடியுது. அது கொடூரம் இல்ல, மண்வாசனை. என்னுது கொடூரம். என்ன கணக்குங்க இது?

வீட்டுல சொன்னாங்க, சொல்லாம என்ன. ஒறம்பரை வந்தப்ப "இவ பேய்க்கதை எழுதறா"ன்னு சிரிப்பாச் சொன்னாங்க, புள்ளைங்க ஸ்கூல் பீஸ் கட்டற நேரத்துல புஸ்தகம் அச்சடிக்கக் காசான்னு கேட்டாங்க. அது எங்க வீட்டுப் பேச்சு, அத நான் பாத்துக்குவேன். அத மைக்குல கேக்க உங்களுக்கு என்ன உரிம?

"பெரியவங்க அக்கறைல சொன்னாங்க, இத்தன கோவம் எதுக்கு"ன்னு நேத்துல இருந்து இன்பாக்ஸ்ல வந்துக்கிட்டே இருக்கு. அக்கறை இருந்தா புஸ்தகத்தப் படிச்சுட்டுத் திட்டட்டுமே. மூணாம் அத்தியாயம் இழுக்குது, அந்தத் தம்பி சாவு அவசரமா முடிஞ்சிருச்சுன்னு ஒரு தங்கச்சி கரூர்ல இருந்து நாலு பக்கம் எழுதி அனுப்புனா, நான் ஒக்காந்து பதில் எழுதுனேன். அது அக்கறை.

அவரு மேல கூட எனக்கு இத்தன வெசனம் இல்லைங்க, உண்மையாச் சொல்றேன். அதே இன்பாக்ஸ்ல "சூப்பர்ங்க அக்கா, நாவல் எனக்கு ரொம்பப் புடிச்சுது, அங்க பேச சங்கடமாப் போச்சு"ன்னு அனுப்பிச்சிருக்கீங்க பாருங்க, உங்களத்தான் கேக்கறேன். முன் வரிசைல ஒக்காந்திருந்தீங்க. அவரு பேசி முடிச்சு மைக்க உங்ககிட்டத்தான குடுத்தாரு. அத வாங்கி "டீ ரெடிங்க, எல்லாரும் வாங்க"ன்னுதான சொன்னீங்க?