பெட்டிக்குக் காவல்

ஆல்ப்ஸ் மலை ரயில்களில் தனியாகப் போகிறவர்களைப் பற்றி யாருமே யோசிப்பதில்லையா? பெரிய பெட்டி தலைக்கு மேலுள்ள தட்டில் ஏறாது. அதற்கான அடுக்கோ கதவோரத்தில், இருக்கையிலிருந்து கண்ணுக்கே எட்டாத மூலையில். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. கழிவறைக்குப் போகவும் மனம் வராது.

சுவிட்சர்லாந்தில் 1882இல் திறந்த பழைய கோத்தார்ட் ரயில் பாதை, வாசன் கிராமத்தருகே மலைக்குள் சுருண்டு சுருண்டு ஏறும். அங்கே ஒரே வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே, பிறகு நேர் எதிரே, கடைசியில் காலடியில் என்று மூன்று முறை தெரியும். அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போனது! நானோ கழுத்து வலிக்கக் கதவுப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன். துணையோடு வந்தவர்கள் நிம்மதியாக ஜன்னலில் சாய்ந்திருந்தார்கள். அந்த அடுக்கில் பூட்டுவதற்கு ஒரு சங்கிலி வைத்தால் என்ன குறைந்துவிடும்?